ஐ.சி.யில் உள்ளபடி

சிவப்பு எழுத்துதான் எனக்குச் சோறு போடுகிறது. இணையத்தில் ஏதாவது படிவத்தை நிரப்பிக்கொண்டு வருகிறீர்கள்; பெயர், அடையாள அட்டையான ஐ.சி.யின் எண், கைபேசி எண் என்று ஒவ்வொரு பெட்டியாகத் தாண்டும்போது, சட்டென்று ஒரு பெட்டிக்குக் கீழே ‘இது சரியில்லை’ என்று சிவப்பாக ஒரு வரி முளைக்கிறதே, அதை எழுதுகிறவள் நான்தான். மலேசியாவின் இந்த வடக்குப் பக்கத்தில் என்னைத் திட்டாத கட்டை விரல் குறைவு. திட்டட்டும். தேதிப் பெட்டியில் தன் மாமியார் பெயரை எழுதுகிறவர்களை நானும் தினமும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

சுங்கைப்பட்டாணியில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். ஜன்னலைத் திறந்தால் ஜெராய் மலை தெரியும், திறக்காவிட்டால் ரப்பர் வாடை குறைவாக வரும். பெரும்பாலும் திறப்பதில்லை. அங்கே உட்கார்ந்து நான் செய்யும் வேலையில் ஒரு சூட்சுமம் உண்டு. அந்தச் சிவப்பு வரி எங்கள் சர்வரிலிருந்து வருவதில்லை. படிவத்தோடு சேர்ந்து நான் எழுதிய சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று உங்கள் கைபேசிக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. தோட்டத்து கேட்டில் நிற்கும் ஜாகாவைப் போல. ஆபீஸ்வரைக்கும் நடந்துபோய்க் குமாஸ்தாவான கிராணியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வதற்குள், ‘பேப்பர் சரியில்ல, போய் எடுத்துட்டு வா’ என்று காவல்காரர் கேட்டிலேயே சொல்லிவிடுவார். வந்தவருக்கும் நேரம் மிச்சம், ஆபீசுக்கும் தொல்லை இல்லை. கேட்டில் திருப்பி அனுப்பப்பட்டது யார் என்பது மட்டும் ஆபீசுக்குத் தெரியவே தெரியாது. அந்தக் கடைசி விஷயத்தைப் பற்றி நான் யோசித்ததே கிடையாது.

நான் பிறந்த தோட்டம் பாடாங் மேஹா பக்கம். தோட்டத்தை விற்றுவிட்டார்கள், வாங்கிய கம்பெனி செம்பனையை வெட்டிவிட்டு வீடுகள் கட்டப் போகிறது. லயத்து வரிசை வீடுகளில் மிச்சமிருந்த தொழிலாளர் குடும்பங்கள் கொடி பிடித்து, மனு எழுதி, வெயிலில் நின்று, கடைசியில் ஒரு வழியாக ஜெயித்தார்கள். ஆளுக்கு ஒரு தரை வீடு. ஆனால் பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்கு மட்டும்தான். பெயர் இல்லாதவர்கள் லயத்தை இடிக்கும்போது மூட்டையைக் கட்டிக்கொண்டு அவரவர் பாட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அந்தப் பட்டியலை எடுக்கும் வேலை குடியிருப்பாளர் குழுவின் தலைவர் தலையில் விழுந்தது. அவர் நேராக என் மேசைக்கு வந்தார். கையில் ஒரு கட்டுக் காகிதம்.

"இதப் பாரும்மா. போன மாசம் பேப்பர் ஃபாரம் குடுத்தேன். புருசன் ஐ.சி. நம்பர பொண்டாட்டி பெட்டியில எழுதியிருக்கான். இந்தாளு தனக்குத்தானே பொண்டாட்டி. கம்பெனிக்காரன் சிரிக்கிறான். நீ கம்ப்யூட்டர்ல ஒண்ணு போட்டுக் குடு, தப்பா எழுதவே முடியாத மாதிரி."

தப்பாக எழுதவே முடியாத மாதிரி. இந்த வார்த்தையைக் கேட்டால் எனக்குத் தலைகால் புரியாது. சம்பளம் இல்லாத வேலை என்றாலும் ராஜா வீட்டு வேலையைப்போல் செய்தேன். ஐ.சி. எண்ணின் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. தேதி பிசகினால் சிவப்பு. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். நம் ஆட்களின் பெயருக்கு நடுவில் ஏ/எல் என்றோ ஏ/பி என்றோ இருக்கும். மலாயில் அனாக் லெலாக்கி, மகன். அனாக் பெரம்புவான், மகள். அப்படியானால் கடைசி இலக்கம் இரட்டைப்படையாக இருந்து, பெயரில் ஏ/எல் இருந்தால், அல்லது தலைகீழாக இருந்தால், அங்கே புருசன் பொண்டாட்டி குழப்பம் நடந்திருக்கிறது என்று அர்த்தம். பிடித்துவிட்டேன் திருடனை! ‘பெயரும் பாலினமும் பொருந்தவில்லை. சரிபார்க்கவும்.’ அனுப்பு என்ற பொத்தான் மங்கிப்போய்விடும், எத்தனை தட்டினாலும் அசையாது. படிவத்தின் உச்சியில் தடித்த எழுத்தில் இன்னொன்றும் போட்டேன்: ‘பெயரை ஐ.சி.யில் உள்ளபடியே எழுதவும். மாற்றி எழுதினால் விண்ணப்பம் ஏற்கப்படாது.’

பக்கத்து மேசைப் பெண் சோதித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, பவர் லா. ஒரு கொசுகூட நொழைய முடியாது," என்றாள். அன்றைக்கு அவளுக்கு டீக்கடையில் தே தாரேக் நான்தான் வாங்கிக்கொடுத்தேன்.

இப்போது என் அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா போய், அப்பா போய், நான் சுங்கைப்பட்டாணிக்கு வந்த பிறகும் அதே லயத்து வீட்டில் இருக்கிறாள். பக்கத்துத் தோட்டத்து நாற்றுப் பண்ணையில் செம்பனைக் கன்றுக்கு மண் பை நிரப்பும் வேலை. என்னோடு வந்து இரு என்று நூறு தடவை கூப்பிட்டுவிட்டேன். "ஒன் வீட்ல கோழி வளக்க முடியுமா?" என்று கேட்பாள். முடியாது. பேச்சு அதோடு முடிந்துவிடும்.

இந்த அக்காவை நான் ஐந்து வயதிலிருந்து ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுகிறேன். ஏதாவது வேண்டுமென்றால், அல்லது அவளைச் சீண்ட வேண்டுமென்றால். அவள் பிறந்தபோது அப்பாவுக்காகப் படிவம் நிரப்பிய கிராணி, அன்றைக்கு ஏற்கெனவே பல பையன்களைப் பதிந்த கைப்பழக்கத்தில், அக்கா பெயருக்கு நடுவிலும் ஏ/எல் என்று எழுதிவிட்டார். பெண் என்ற இடத்தில் சரியாகப் பெண் என்றே போட்டவர், பெயரில் மட்டும் மகனாக்கிவிட்டார். அப்பாவுக்கு மலாய் எழுத்து தெரியாது. பள்ளிக்கூடத்தில் அக்காவைப் பையன்கள் வரிசையில் உட்காரச் சொன்னபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அப்பா இரண்டு நாள் பெரட்டில் பெயர் கொடுக்காமல், வேலையை விட்டுவிட்டுப் பதிவு அலுவலகத்துக்கு அலைந்தார். மூன்றாவது தடவையும் வரச் சொன்னதும், ‘இருந்துட்டுப் போகுது போ’ என்று விட்டுவிட்டார். அன்றிலிருந்து கனமான சாமான் எதைத் தூக்க வேண்டியிருந்தாலும் வீட்டில் ஒரே குரல்: "அண்ணனக் கூப்பிடு!"

எந்தக் கவுண்டருக்குப் போனாலும் இந்தக் கூத்து உண்டு. கிளினிக்கில், பேங்கில், போஸ்ட் ஆபீசில். ஐ.சி.யைப் பார்ப்பார்கள், அக்காவைப் பார்ப்பார்கள், பிறகு மறுபடியும் ஐ.சி.யைப் பார்ப்பார்கள். ஒரு சிரிப்பு. அக்காவும் சிரிப்பாள். முத்திரை குத்தி அனுப்பிவிடுவார்கள். நாற்பத்தாறு வருடமாக அவளை யாரும் திருப்பி அனுப்பியதில்லை.

இத்தனையும் தெரிந்தவள் நான். ஆயிரம் தடவை ‘அண்ணே’ என்று கூப்பிட்ட வாய் இது. அந்த விதியை எழுதியபோது என் கைக்கு அது நினைவுக்கு வரவில்லை. அந்தச் சொல் எங்கள் வீட்டில் அவ்வளவு பழகிப்போய்விட்டது. அது எங்கிருந்து வந்தது என்பதையே நான் மறந்திருந்தேன்.

படிவத்துக்குக் கடைசி நாள் வியாழக்கிழமை, மாலை ஐந்து மணி. அன்றைக்கு நான்கு மணி வாக்கில் தலைவர் போன் செய்தார்.

"எல்லாம் வந்திருச்சும்மா. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். ஒங்கக்கா பேரு இல்லையே? அவங்களுக்கு வீடு வேணாமா?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இதுதான் அக்கா. எல்லாவற்றுக்கும் கடைசி ஆள். உடனே அவளை அழைத்தேன்.

"ஏங்க்கா, ஒனக்குப் புத்தி இருக்கா இல்லையா? இன்னும் ஒரு மணி நேரந்தான் இருக்கு! ஏன் இன்னும் ஃபாரம் போடல?"

"போட்டேன்மா."

"எங்க போட்ட? லிஸ்டுல பேரே இல்ல!"

"போட்டேன். உள்ள விடமாட்டேங்குது." குரல் சின்னதாக வந்தது. "திங்கக்கெழமையிலேர்ந்து போட்டுக்கிட்டுதான் இருக்கேன். வேல முடிஞ்சி தண்ணித் தொட்டி மேட்டுக்குப் போயி, அங்கதான் லைன் கெடைக்கும், தெனம் போட்டுப் பாக்குறேன். பெரிய எழுத்துல போட்டேன், சின்ன எழுத்துல போட்டேன். போன அணைச்சி அணைச்சிப் போட்டேன்."

"ஏங்கிட்ட ஒரு வார்த்த கேக்க வேண்டியதுதானே? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"நீ செஞ்சதுல தப்பு இருக்காதில்ல? நாந்தான் எங்கேயோ தப்பா அமுக்குறேன்னு நெனச்சேன். லயம் பூரா எந்தங்கச்சி செஞ்ச ஃபாரம்னு சொல்லி வெச்சிருக்கேன். எனக்கே போகலன்னா அசிங்கம் லா."

"சரி, என்ன வருது? படி."

"செவப்பா வருது." எழுத்துக் கூட்டிப் படித்தாள். "பெயரும்... பாலினமும்... பொருந்தவில்லை. சரிபார்க்கவும்."

என் வாக்கியம். நான் பெருமைப்பட்டு, தே தாரேக் வாங்கிக்கொடுத்த வாக்கியம். அதை என் அக்கா தண்ணித் தொட்டி மேட்டில் நின்றுகொண்டு எனக்கே படித்துக் காட்டுகிறாள்.

"அண்ணே," என்றேன்.

சர்வர் பதிவேட்டைத் திறந்தேன். திங்கள் முதல் வந்த ஒவ்வொரு விண்ணப்பமும் அங்கே இருந்தது, எந்த நிமிடம் வந்தது என்பது உட்பட. அக்காவுக்கு ஒரு வரிகூட இல்லை. நான்கு நாளாக என் கதவை ஒருத்தி தட்டியிருக்கிறாள், அதற்குச் சுவடே இல்லை. எப்படி இருக்கும்? ஜாகாவை அவள் கையிலேயே கொண்டுபோய் நிறுத்தியவள் நானாயிற்றே.

"ஏ/பின்னு மாத்திப் போட்டிருந்தா போயிருக்குமேக்கா," என்றேன், ஏதோ சொல்ல வேண்டும் என்பதற்காக.

"நீதானே மேல எழுதியிருக்க, ஐ.சி.யில உள்ளபடியே போடணும், மாத்துனா சேத்துக்கமாட்டோம்னு? பொய் போட்டு வீடு போச்சின்னா?"

நானே எழுதிய இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் அவளை மாட்டிவைத்திருக்கிறேன். ஒன்றைக் கேட்டால் மற்றது விடாது.

"சரி விடு. ஒன் ஐ.சி. படத்த எனக்கு அனுப்பு. சர்வர்ல நானே ஒன் பேரச் சேத்துடுறேன்."

"வேணாம்." குரல் இப்போது சின்னதாக இல்லை. "தங்கச்சி கையில கம்ப்யூட்டர் இருக்கு, அக்காவ உள்ள தள்ளிட்டான்னு நாளைக்கு ஒருத்தன் பேசக்கூடாது. கொல்லப்பக்கமா என்ன ஏத்தாத. எல்லாரும் வந்த வழியில நானும் வரேன். வழிய சரி பண்ணு."

வழியைச் சரிபண்ண உட்கார்ந்தேன். விதியை அடியோடு எடுத்துவிட்டால் மறுபடியும் தனக்குத்தானே பொண்டாட்டிகள் வருவார்கள். அதனால் தடையை எடுத்துவிட்டு ஒரு கேள்வியாக மாற்றினேன். சிவப்பு இல்லை, சாதாரணக் கறுப்பில்: ‘பெயரும் ஐ.சி. எண்ணும் ஒத்துப்போகாததுபோல் தெரிகிறது. உங்கள் ஐ.சி.யில் இப்படித்தான் இருக்கிறதா?’ ஆம் என்று தட்டினால் பொத்தான் திறந்துவிடும். ஐந்தாறு வரி வேலை. மணி நாலரைகூட ஆகவில்லை.

"இப்ப போடு."

"செவப்பு."

"திரும்பத் தொற."

"தொறந்தேன். செவப்புதான்மா."

கையில் இருந்த பேனாவை எறிந்தேன். அவளுடைய போன் பழைய ஸ்கிரிப்ட்டையே சேமித்து வைத்துக்கொண்டு, புதியதைக் கேட்கவே மாட்டேன் என்கிறது. வேகமாக இருக்கட்டும் என்று அப்படிச் சேமிக்கச் சொன்னவளும் நான்தான். வேலைநீக்கம் செய்யப்பட்ட ஜாகா, செய்தி தெரியாமல் இன்னும் கேட்டில் நிற்கிறார். கோப்பின் பெயரையே மாற்றினேன், போனுக்கு அது வேறு புதுக் கோப்பு என்று தோன்றும்படி. அதற்குள் அவளுக்கு லைன் போய்விட்டது. நாலு நாற்பது. அழைத்தேன், எடுக்கவில்லை. மறுபடியும் அழைத்தேன். பக்கத்து மேசைப் பெண் எழுந்து வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். நாங்கள் இருவரும் பட்டியலின் கடைசி வரியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நாலு ஐம்பத்திரண்டுக்கு ஒரு புது வரி வந்து விழுந்தது. அக்காவின் பெயர். நடுவில் ஏ/எல். அதற்குப் பக்கத்தில், ஐ.சி.யில் இப்படித்தான் இருக்கிறதா என்ற கேள்விக்கு: ஆம்.

சிறிது நேரத்தில் அவளே கூப்பிட்டாள். "வந்துட்டேனா?"

"வந்துட்டக்கா."

"அப்ப எதுக்கு அழுவுற? வேலையப் பாரு."

நான் ஒன்றும் அழவில்லை. டயர் கடை வாடை.

அன்றைக்கே தலைவரைக் கூப்பிட்டு நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். என் ஸ்கிரிப்ட் வேறு யாரைத் துரத்தியது என்று எனக்குத் தெரிய வழியே இல்லை, லயம் லயமாகப் போய்க் கேளுங்கள் என்றேன். அவர் கம்பெனியிடம் பேசிக் கடைசி நாளை ஒரு வாரம் தள்ளி வாங்கினார். ஓர் ஆள் கிடைத்தார். குருண் பக்கம் தொழிற்சாலையில் வேலை செய்பவர். அவருக்குத் தலைகீழ் பிரச்சினை, மீசை வைத்த மனிதருக்கு ஏ/பி. அவர் மூன்று தடவை முயன்றுவிட்டு அதோடு நிறுத்திக்கொண்டாராம். ஏன் யாரிடமும் கேட்கவில்லை என்றதற்கு, "நமக்குக் குடுக்க இஷ்டமில்ல போலன்னு நெனச்சேன்," என்றாராம். அவரை நான் நேரில் பார்த்ததில்லை. அந்த ஒரு வரி மட்டும் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

அடுத்த விடுமுறைக்குக் கோழிக்குத் தீனி மூட்டையோடு அக்கா வீட்டுக்குப் போனேன். போனதும் ஆரம்பித்தேன்.

"வர்ற வாரம் லீவு போடு. ஒன் ஐ.சி.யில அந்த ஏ/எல்ல மாத்திட்டு வந்துருவோம். இந்தத் தொல்ல இனி வேணாம்."

"வேணாம்."

"எது, தொல்லையா?"

"மாத்தவேணாம்."

"பைத்தியமா ஒனக்கு? இந்த ஒரு எழுத்தால வீடே போயிருக்கும்!"

அவள் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டே சொன்னாள்: "அப்பாவுக்கு அன்னிக்கி யாரு கொள்ளி வெச்சா?"



அப்பா இறந்த அன்று யான் என்ற ஊரிலிருந்து பெரியப்பா முறை உள்ள ஒருவர் வந்திருந்தார். ஆம்பளப் பிள்ளை இல்லாத வீடு, கொள்ளி வைக்கத் தன் மகன்தான் முறை என்று சொல்லி, அவனைக் குளிக்கவும் அனுப்பிவிட்டார். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. நான் மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். அக்கா எழுந்து உள்ளே போனாள். பிளாஸ்டிக் பையிலிருந்து ஐ.சி.யை எடுத்துவந்து பெரியப்பா கையில் கொடுத்தாள். "படிங்க. என்ன எழுதியிருக்கு?" அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். பெயருக்கு நடுவில் வந்ததும் நின்றார். "சத்தமாப் படிங்க பெரியப்பா." அவர் மெதுவாக, "அனாக்... லெலாக்கி..." என்றார். "அப்ப நாந்தான் வெப்பேன்," என்றாள் அக்கா. சடங்கு செய்ய வந்தவர் ஒரு கணம் எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டு, நீர்க்குடத்தை எடுத்து அவள் தோளில் வைத்தார்.

"அந்தக் கிராணி தப்பா எழுதலேன்னா அன்னிக்கி நான் என்னத்தக் காட்டியிருப்பேன்?" என்று கேட்டாள். "போ, போயி கால் கழுவிட்டு வா. கொழம்பு ஆறுது."

அதன்பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நான்கு மாதம் கழித்து ஒதுக்கீட்டுக் கடிதம் வந்தது. அக்கா பிரிக்காமல் வைத்திருந்து, நான் போன பிறகு என் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். வீட்டு எண், தெருவின் பெயர், சாவி வாங்க வரவேண்டிய இடம் எல்லாம் சரி. ஆனால் மேலே பெயருக்கு முன்னால் என்சிக் என்று போட்டிருந்தார்கள். மலாயில் ஆண்களுக்குப் போடும் மரியாதை. அங்கேயும் என்னைப்போல் ஒருத்தி உட்கார்ந்து, ஏ/எல் என்றால் ஆண் என்று ஒரு விதி எழுதியிருக்கிறாள்.

எனக்கு வந்ததே ஆத்திரம். "கூப்பிடுறேன் பாரு இவங்கள. ஒரு பொம்பளைக்கு என்சிக்குன்னு போட்டு அனுப்பியிருக்கானுங்க. இதக்கூடப் பாக்கமாட்டாங்களா?" போனை எடுத்துவிட்டேன்.

அக்கா என் கையிலிருந்து கடிதத்தைப் பிடுங்கினாள். அந்தச் சொல்லை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தாள். பிறகு கடிதத்தை எடுத்துக்கொண்டுபோய் அப்பா படத்துக்கு முன்னால், எழுத்து அவர் பக்கம் தெரியும்படி சாய்த்துவைத்தாள்.

"நீ எதையும் சரி பண்ண வேணாம்," என்றாள். "அப்பா மகனுக்கு வீடு வந்திருக்கு. அவரு படிக்கட்டும்."